எட்டத்துப் பாடமும் கிட்டத்துப் பேச்சும்

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி சேர்ந்தார். செவிலியர் படிப்பை முடித்தவர். ஜெர்மனி நாட்டில் மருத்துவமனைப் பணி ஏற்க விரும்பி, அந்நாட்டு மொழியைக் கற்க வந்தவர். வாரத்தில் ஐந்து நாள் கைப்பேசி வழியே பாடம். சனிக்கிழமை மட்டும் நேரில் வகுப்பு. முதல் மூன்று சனிக்கிழமைகள் மழையால் வகுப்பு நடைபெறவில்லை. ஆயினும் கைப்பேசியில் வந்த பயிற்சிகள் அனைத்தையும் அவர் செய்து முடித்திருந்தார். ஒன்றிலும் பிழை இல்லை.

நான்காம் வாரம் நேரில் வந்தபோது, "வகுப்புக்கு எப்படி வருகிறீர்கள்?" என்று ஜெர்மன் மொழியில் அவரைக் கேட்டேன். "பேருந்தில் வருகிறேன்" என்பதே விடை. அதற்கு வேண்டிய சொற்கள் எல்லாம் அவருக்குத் தெரியும், எழுதியும் இருக்கிறார். ஆனால் வாய் திறக்கவில்லை. சற்று நேரம் கூரையைப் பார்த்தார். பிறகு தமிழில், "சார், நாலு விடை கொடுத்தால் சரியானதைச் சொல்லிவிடுவேன்" என்றார்.

வகுப்பு சிரித்தது, அவரும் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. நள்ளிரவில் மணி அடித்து அழைக்கும் நோயாளி நான்கு விடைகளை நீட்டிக்கொண்டு காத்திருப்பதில்லை அல்லவா? அவர் படித்ததில் குறை ஒன்றும் இல்லை. பாடத்தை எப்படிப் பங்கிடுவது என்று நான் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. அந்தப் பங்கீட்டைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அயல்மொழியை ஓரளவு இணையத்தின் வழியாகவும் ஓரளவு வகுப்பறையில் நேரிலும் கற்பிப்பதைக் கலப்பு முறை என்பர். 2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோயால் பள்ளிகளும் கல்லூரிகளும் அடைபட்டபோது, விரும்பியவரும் விரும்பாதவரும் திரையின் முன் அமர்ந்தனர். கதவுகள் திறந்த பிறகு பலரும் பழைய வகுப்புக்கே திரும்பிவிட்டனர். மொழி கற்பிப்போருள் சிலர் மட்டும் இரண்டையும் விடாமல் வைத்துக்கொண்டனர். நானும் அவர்களுள் ஒருவன்.

எட்டத்திலிருந்து மொழி கற்பிப்பது நம் காலத்துப் புதுமை அன்று. 1856ஆம் ஆண்டிலேயே பெர்லின் நகரத்தில் குஸ்டாவ் லாங்கென்ஷைட் என்பவர், சார்ல் தூசேன் என்ற பிரெஞ்சு ஆசிரியரோடு சேர்ந்து, பிரெஞ்சு மொழியைக் கடிதங்களாக அச்சிட்டு விற்கத் தொடங்கினார். வீட்டில் இருந்தபடியே படிக்கலாம். ஒலியைக் காகிதத்தில் காட்டத் தனிக் குறியீடுகளும் அவற்றில் இருந்தன. 1901இல் தோன்றிய லிங்குவாஃபோன் நிறுவனம் ஒலித்தட்டைப் பாடநூலோடு இணைத்தது. ஜப்பானில் வானொலி தொடங்கிய 1925ஆம் ஆண்டிலேயே ஆங்கிலப் பாடமும் அதில் ஒலிக்கத் தொடங்கியது. பி.பி.சி. நிலையம் 1943 முதல் வானொலி வழியே ஆங்கிலம் கற்பித்தது. கடிதம், தட்டு, வானொலி, பிறகு ஒலிநாடா, இப்போது இணையம். ஒவ்வொன்றும் முன்னதைவிட நன்றாகவே ஒலியைக் கொண்டுவந்தது. கேட்பவர் என்ன சொல்கிறார் என்பதை மட்டும் இணையத்துக்கு முந்தியவை அறியமாட்டா. இப்போது நான் பேசுகிற இந்தப் பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐயம் எழுந்தால் என்னை நிறுத்த உங்களால் இயலாது. நீங்கள் கொட்டாவி விட்டாலும் எனக்குத் தெரியாது. ஒருவகையில் அது நன்மையே.

கருவி நன்றாகச் செய்யும் வேலை எது என்பதை முதலில் பார்ப்போம்.

ஜெர்மன் மொழியில் ‘மாதா கோயில்’ என்பதற்கு ஒரு சொல்லும், செர்ரிப் பழத்துக்கு ஒரு சொல்லும் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ஏறக்குறைய ‘கிர்ஷெ’ என்றே வரும். நடுவில் உள்ள ஒலி மட்டும் வேறு. பழத்தின் பெயரில் அது நம் ‘ஷ’ போன்றது. கோயிலின் பெயரில் நாக்கின் நடுப்பகுதி அண்ணத்தை நெருங்க, இடையே காற்று உரசி வருகிறது. இதை எழுதிக் காட்ட நம் எழுத்தால் முடியவில்லை. விளக்கிச் சொன்னாலும் விளங்குவதில்லை. பலமுறை கேட்டால்தான் காது பிரித்தறியும். ஓர் ஆசிரியர் முப்பது பேருக்கும் அதை எத்தனை முறை சொல்ல முடியும்? பத்தாம் முறையில் அவருக்கே அலுத்துவிடும். கைப்பேசிக்கு அலுப்பில்லை. இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் இருந்துகொண்டு நாற்பது முறை ஒரே சொல்லைக் கேட்கலாம்; நாற்பது முறை திருப்பிச் சொல்லலாம்; தன் குரலைப் பதிந்து ஒப்பிட்டும் பார்க்கலாம். சிரிப்பவர் எவரும் இல்லை. கூச்சம் மிகுந்த மாணவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை, வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்து பழகியவர்களே அறிவார்கள்.

மனப்பாடம் செய்ய வேண்டிய பகுதியும் அப்படித்தான். நம் இலக்கணத்தில் திணையும் பாலும் பொருளைப் பார்த்து அமைகின்றன. கரண்டி உயிரற்றது; ஆகவே அஃறிணை. ஜெர்மன் மொழியிலோ கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி பொதுப்பால். ஞாயிறு பெண், திங்கள் ஆண். சிறுமி என்பதற்குரிய சொல் பொதுப்பால்! ஏன் என்று கேட்கும் மாணவரிடம், அச்சொல்லின் ஈற்றிலுள்ள சிறுமைப் பொருள் தரும் விகுதியே காரணம் என்று விளக்கலாம். கரண்டிக்கு அத்தகைய விளக்கமும் கிடையாது. ஒவ்வொரு பெயரையும் அதன் பாலோடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

நினைவு எப்படி நழுவுகிறது என்பதை அளந்து பார்த்தவரும் ஒரு ஜெர்மானியரே. ஹெர்மான் எபிங்ஹௌஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு காலத்தில் எவ்வளவு மறக்கிறோம் என்று கணக்கிட்டு 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற உடனே மறதி விரைகிறது. பின்னர் மெல்ல நடக்கிறது. ஒரே நாளில் பலமுறை ஓதுவதைக் காட்டிலும் நாள் இடைவெளி விட்டு ஓதுவது நிலைக்கிறது. இந்த இடைவெளியை ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனியே கணக்கிட்டு, நேற்றுத் தவறிய சொல்லை இன்றும், இன்று தவறாத சொல்லை அடுத்த வாரமும் கேட்பது என்னால் ஆகாத காரியம். செயலி அதை எளிதில் செய்துவிடுகிறது.

அப்படியானால் ஆசிரியர் எதற்கு, வகுப்பறை எதற்கு?

இங்கே இரண்டு ஆய்வுகளைக் கூற வேண்டும். இரண்டும் குழந்தைகளைப் பற்றியவை. கல்லூரி மாணவருக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்லமாட்டேன். என் சிந்தனையைத் திருப்பியவை என்ற அளவில் சொல்கிறேன். முதலாவது, பாட்ரிசியா கூல் என்ற அறிஞர் தம் குழுவினரோடு அமெரிக்காவில் நடத்தி 2003இல் வெளியிட்டது. ஆங்கிலம் பேசும் வீடுகளில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளுக்கு, சீனமொழி பேசுவோர் நேரில் வந்து கதை படித்தும் பொம்மை காட்டியும் விளையாடினார்கள். பன்னிரண்டு அமர்வுகள்; ஒவ்வொன்றும் 25 நிமிடம். அவ்வளவில், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலி வேறுபாட்டைக் குழந்தைகள் பிரித்தறிந்தன. தைவான் குழந்தைகளுக்கு இளைக்கவில்லை. வேறு குழந்தைகளுக்கு அதே சீனர்களின் பேச்சைத் தொலைக்காட்சிப் படமாகக் காட்டினார்கள். சில குழந்தைகளுக்கு ஒலியை மட்டும் கேட்பித்தார்கள். அவை ஒன்றும் கற்கவில்லை.

இதைப் படித்தவுடன், "பார்த்தீர்களா, திரையால் பயனில்லை" என்று முழங்கத் தோன்றும். நானும் சில நாள் அவ்வாறு முழங்கிக்கொண்டுதான் இருந்தேன். 2014இல் வெளியான இரண்டாவது ஆய்வு என் வாயை அடைத்தது. இரண்டு வயதைக் கடந்த குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்களைக் கற்பித்துப் பார்த்தார்கள். முன்பே பதிந்த படத்தைப் பார்த்தவர் கற்கவில்லை. நேரில் கற்றவர் கற்றனர். திரையில் முகம் பார்த்து, அந்நேரமே மாறிமாறி உரையாடிய குழந்தைகளும் கற்றனர்! ஆகவே திரையின் மீது பழி இல்லை. நாம் சொல்வதற்கு ஏற்ப மறுமொழி வருகிறதா என்பதே கேள்வி.

இங்கிருந்து என் கணக்கு மாறியது. இணையம் ஒருபுறம், வகுப்பறை மறுபுறம் என்று கோடு கிழித்திருந்தேன். தனியே செய்யத் தக்கது, மற்றொருவர் இன்றிச் செய்ய இயலாதது என்று அக்கோட்டைத் திருப்பி வரைந்தேன்.

அப்படியானால் இரண்டாவதையும் திரையிலேயே நடத்தலாமே என்பீர்கள். ஓரளவு நடத்தலாம், நடத்துகிறோம். ஆயினும் ஓர் இடையூறு உண்டு. மனிதர் பேசும்போது ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே எவ்வளவு நேரம் செல்கிறது தெரியுமா? உலகின் பல பகுதிகளைச் சேர்ந்த பத்து மொழிகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வின்படி, அது சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. கண் இமைக்கும் நேரம்! முதலாமவர் முடிக்கும் முன்பே இரண்டாமவர் தம் விடையைக் கட்டத் தொடங்கிவிடுகிறார் என்பது இதன் பொருள். அயல்மொழி கற்போருக்கு இதுவே மிகக் கடினமான வித்தை. இணைய இணைப்பு சற்றே தாமதித்தாலும் இந்தத் தாளம் குலைந்துவிடும். இருவரும் ஒரே நேரத்தில் பேசுவர்; இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவர்; "நீங்கள் சொல்லுங்கள்", "இல்லை, நீங்கள் சொல்லுங்கள்" என்று மரியாதையிலேயே பொழுது கழியும். முப்பது பேர் கூடும் திரையில் ஒருவர் பேச, இருபத்தொன்பது பேர் ஒலியை அடைத்துக்கொண்டு இருப்பார்கள். வகுப்பறையில் அதே முப்பது பேரும் பதினைந்து இணைகளாகப் பிரிந்து, சந்தை இரைச்சலோடு ஒரே நேரத்தில் பேசலாம். அந்த இரைச்சலைத்தான் நான் விரும்புகிறேன்.

என் பிழைக்கு வருகிறேன். கலப்பு முறையைத் தொடங்கிய முதல் ஆண்டில், ‘இலக்கணம் கடினம், ஆகவே அதை நேரில் விளக்க வேண்டும், எளிய உரையாடலைக் கைப்பேசியில் விடலாம்’ என்று எண்ணினேன். பார்வைக்கு எவ்வளவு நியாயமாக இருக்கிறது! சனிக்கிழமை மூன்று மணி நேரத்தில் இரண்டு மணி நேரம் கரும்பலகையில் எழுதினேன். ஜெர்மன் மொழியில் முதன்மை வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் நிற்கும். ‘ஏனெனில்’ போன்ற சொல்லால் தொடங்கும் சார்பு வாக்கியத்தில் இறுதிக்குப் போய்விடும். ஆங்கிலேயர் இதில் திணறுவர். நமக்கோ வினை இறுதியில் நிற்பது பிறவி வழக்கம். "எனக்குத் தலைவலி இருப்பதால்" என்று வினையைக் கடைசியில் வைத்துத்தானே நாமும் பேசுகிறோம்? இதைப் பத்து நிமிட ஒலிப்பேச்சாகப் பதிந்து அனுப்பியிருந்தால், புரியாதவர் மூன்று முறை கேட்டிருப்பார். புரிந்தவர் ஒரு முறையோடு நிறுத்தியிருப்பார். நான் அவ்வாறு செய்யாமல், திருவள்ளூரிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் மின்தொடரில் நின்றுகொண்டு வந்தவர்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்தேன். ஒருநாள் ஓர் இளைஞர் பணிவாகச் சொன்னார்: "சார், இதுதான் நேற்றுப் பாடப் புத்தகத்திலும் இருந்தது. பேசலாம் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

அதன் பிறகு சனிக்கிழமைகளில் கரும்பலகையை அரிதாகவே தொடுகிறேன்.

இப்போது ஒரு வாரம் எப்படிச் செல்கிறது என்பதற்கு எண்களின் பாடத்தைக் காட்டுகிறேன். ஜெர்மன் மொழியில் இருபத்தைந்து என்பதை ‘ஐந்தும் இருபதும்’ என்று சொல்வார்கள். ஒன்றின் இடம் முதலில், பத்தின் இடம் பிறகு. நாம் எழுதும் வரிசைக்கும் அவர்கள் சொல்லும் வரிசைக்கும் நேர் எதிர். கேட்டபடியே எழுதுகிறவர் 25 என்பதை 52 என்று எழுதிவிடுவார். கடைக்காரரிடம் இந்தத் தவறு நேர்ந்தால் சில்லறையோடு போகும். செவிலியருக்கு நேர்ந்தால்? நாடித் துடிப்பு, இரத்த அழுத்தம், மருந்தின் அளவு, அறையின் எண் எல்லாம் எண்களே. ஜெர்மனியில் செவிலியராக ஏற்பு பெறுவதற்குப் பொதுவாக ‘பி2’ என்னும் மொழித்தரம் வேண்டும். ஐரோப்பிய அவை 2001இல் வெளியிட்ட ஆறுபடி அளவில் அது நான்காம் படி. எண்களோ முதற்படிப் பாடம். முதற்படியில் பிடிக்காத எண் நான்காம் படியிலும் காலை வாரிவிடும்.

திங்கள் முதல் வெள்ளி வரை கைப்பேசியில் எண்கள் ஒலிக்கும். முதல்நாள் மெதுவாக, வெள்ளியன்று இயல்பான வேகத்தில். ஆண் குரல், பெண் குரல், முதியவர் குரல். நாள்தோறும் ஐம்பது எண்கள். கேட்டு எழுத வேண்டும். தவறியது மறுநாள் திரும்ப வரும். யார் எந்த எண்ணில் தடுமாறுகிறார் என்ற பட்டியல் வெள்ளி இரவு எனக்கு வந்துவிடும். இந்தப் பட்டியல் இல்லாவிட்டால் கலப்பு முறையில் பாதிப் பயன் போய்விடும். சனிக்கிழமை யாரை யாரோடு அமர்த்துவது என்பதை நான் அதை வைத்தே முடிவு செய்கிறேன்.

சனிக்கிழமை இருவர் முதுகோடு முதுகு சேர்த்து அமர்வர். முகம் பார்க்கக் கூடாது. தொலைபேசியில் பேசுவதுபோல் இருக்க வேண்டும். ஒருவர் நோயாளியின் விவரங்களைச் சொல்ல, மற்றவர் எழுதுவார். சாலைப் பக்கத்துச் சாளரங்களைத் திறந்துவிடுவேன். பேருந்து ஒலி தாராளமாக வரும். நானே இடையிடையே இருமுவதும் உண்டு. சரியாக எழுதுவது மட்டும் நோக்கமன்று. காதில் விழாதபோது என்ன செய்வது என்பதே அன்றைய பாடம். "மன்னியுங்கள், மீண்டும் சொல்லுங்கள்", "ஐந்தும் இருபதுமா, இரண்டும் ஐம்பதுமா?", "இலக்கம் இலக்கமாகச் சொல்ல முடியுமா?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். கைப்பேசியில் மீண்டும் கேட்கப் பொத்தானை அமுக்கினால் போதும். மனிதரிடம் கேட்பதற்கு மொழி வேண்டும், துணிவும் வேண்டும். தனக்குப் புரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள நம் மாணவர்கள் மிகவும் தயங்குகிறார்கள். புரியாமலே தலையாட்டுவது பள்ளியில் நாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் என்றே அஞ்சுகிறேன்.

இம்முறை எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்கக் கல்வித்துறை பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அது மொழிப்பாடத்துக்கு மட்டும் உரியதன்று. நேர்வகுப்பை மட்டும் நம்பியவரைக் காட்டிலும் இரண்டையும் கலந்து கற்றவர் ஓரளவு முன்னேறியிருந்தனர் என்று அது கூறுகிறது. உடனே ஓர் எச்சரிக்கையும் தருகிறது: கலந்து கற்றவர்க்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் கிடைத்திருந்தன. ஆகவே முன்னேற்றத்துக்குக் காரணம் இணையம்தான் என்று சொல்வதற்கில்லை. நேர்மையான அறிக்கை. நிறுவனங்கள் சில, ஆசிரியர் செலவைக் குறைக்கவே இம்முறையை நாடும்போது, இந்த எச்சரிக்கையை யாராவது அவர்களுக்குப் படித்துக்காட்டினால் நல்லது.

வீட்டுக்கு ஒரு கைப்பேசி மட்டும் உள்ள மாணவர்கள் இருக்கிறார்கள். தந்தை வேலையிலிருந்து திரும்பிய பிறகே அவர்களுக்குப் பாடம். அத்தகையோருக்காக ஒலிப்பாடங்களைச் சிறுசிறு கோப்புகளாக்கி, சனிக்கிழமையே வகுப்பில் கைப்பேசியில் ஏற்றித் தருகிறோம். பிறகு இணைய இணைப்பு தேவையில்லை. திரைப்படம்போல் அழகிய பாடங்களை இதனால் கைவிட நேர்ந்தது. அதில் எனக்கு வருத்தம் இல்லை. காதுக்கு வேண்டியது ஒலிதான்.

நீங்கள் பிரெஞ்சோ ஜப்பானியமோ தனியே கற்றுக்கொண்டிருந்தால், இன்றிரவே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். செயலியில் முடித்த பாடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதைப் பற்றி ஒரு தோழரிடம் மூன்று நிமிடம் அந்த மொழியில் பேசுங்கள். அவருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தால் போதும். எந்த இடத்தில் நின்றுவிடுகிறீர்களோ அதைக் குறித்துக்கொண்டு, மறுநாள் மீண்டும் கருவியிடம் செல்லுங்கள். கருவி தரும் வரிசையில் படிப்பதைவிட, நீங்கள் நின்ற இடத்திலிருந்து படிப்பது பயன் தரும்.

முதலில் சொன்ன மாணவி தேர்வில் தேறி, இப்போது ஜெர்மனியில் பணியாற்றுகிறார். சென்ற ஆண்டு ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். இரவுப் பணியில் தனியே இருந்தபோது, நீரிழிவு நோயாளி ஒருவருக்கு இன்சுலின் அளவை மருத்துவர் தொலைபேசியில் விரைந்து சொல்லிவிட்டாராம். நான்கும் இருபதுமா, இரண்டும் நாற்பதுமா? இவர் நிறுத்தி, இலக்கம் இலக்கமாகச் சொல்லும்படி கேட்டிருக்கிறார். மருத்துவர் சற்றுச் சலித்துக்கொண்டே, "இரண்டு, நான்கு" என்றாராம். 24. இதைச் சொல்லிவிட்டு, "சார், அப்போது உங்கள் இருமல்தான் நினைவுக்கு வந்தது" என்றார். அடுத்த சனிக்கிழமை அந்த இரண்டு எண்களையும் வகுப்பில் கொடுத்தேன். முப்பது பேரில் ஏழு பேர் மாற்றி எழுதினார்கள்; அவர்களுள் மூவர் மட்டுமே திருப்பிக் கேட்டார்கள்.